இணையம் வளர்ந்த வரலாறு – 14: கண்டெடுத்துக் காட்டியவர்கள்

இணையத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கருவிகளைச் செய்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நெறிமுறைகளை வகுத்தவர்களும் உலாவிகளை எழுதியவர்களும் நிறுவனங்களைத் தொடங்கியவர்களும் அதில் நிறைந்திருக்க, எங்கோ கிடந்த ஒரு வேடிக்கையான படத்தையோ சிந்திக்க வைக்கும் ஒரு கட்டுரையையோ தேடி எடுத்து, முன்பின் அறியாத வாசகர்களுக்கு நாள்தோறும் காட்டிவந்தவர்கள் அடிக்குறிப்பில்கூட அரிதாகவே வருகிறார்கள். வலை வளர்ந்த முதல் இருபது ஆண்டுகளில் அதை மக்கள் விரும்பிப் படிக்கும் இடமாக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், தொடரின் இந்தப் பகுதி முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது.

இப்படியொரு பணி தோன்றும் என்பதை வலை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் எழுதிவைத்திருந்தார். அமெரிக்கப் பொறியாளரான வனிவர் புஷ், 1945 ஜூலையில் 'அட்லாண்டிக்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், மெமெக்ஸ் என்ற கருவியைக் கற்பனை செய்தார். நூல்களையும் குறிப்புகளையும் நுண்படச் சுருள்களில் அடக்கி, ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு பிணைத்துத் தொடர்ச்சியான தடங்களாக அமைத்துக்கொள்ள உதவும் மேசை அது. சிலுவைப் போர்க்காலத்தில் துருக்கியரின் குட்டை வில் ஆங்கிலேயரின் நெடு வில்லைவிட ஏன் சிறந்து விளங்கியது என்று ஆராயும் ஒருவர், தாம் படித்தவற்றையெல்லாம் ஒரு தடமாகக் கோத்து வைக்கிறார் என்றும், சில ஆண்டுகளுக்குப் பின் நண்பர் ஒருவரோடு பேசும்போது அந்தத் தடம் நினைவுக்கு வர, முழுவதையும் படியெடுத்து நண்பரின் மெமெக்ஸில் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கிறார் என்றும் புஷ் எடுத்துக்காட்டுக் கூறினார். இவ்வாறு தடம் அமைப்பதிலேயே இன்பம் காணும் ஒரு புதிய தொழிலினர் உருவாவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. மெமெக்ஸ் ஒருபோதும் செய்யப்படவில்லை. அந்தத் தொழிலினர் மட்டும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வந்து சேர்ந்தார்கள்.

வலைக்கு முந்தைய யூஸ்நெட்டிலேயே அவர்களின் முன்னோடிகளைக் காணலாம். யூஸ்நெட் என்பது 1980 முதல் பல்கலைக்கழகக் கணினிகளிடையே கைமாறிச் சென்ற செய்திக்குழுக்களின் தொகுதி என்பதும், அதில் எவரும் எதையும் எழுதலாம் என்ற நிலை இருந்ததும் முன்னரே விளக்கப்பட்டன. நகைச்சுவைக்கென இருந்த குழு கட்டுக்கடங்காமல் பெருகியபோது, கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்து பிராட் டெம்பிள்டன் 1987-இல் வேறொரு குழுவைத் தொடங்கினார். அனுப்பப்பட்ட துணுக்குகளை அவரே படித்து, தாம் சிரித்தவற்றை மட்டும் வெளியிட்டார். வருவனவற்றைப் பார்த்துத் தேர்ந்து வெளியிடுபவரை மட்டுறுத்துநர் என்பர். ஆனால் தேர்ந்தெடுப்பவர் தம் தேர்வுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. இனத்தவரைக் கேலி செய்யும் ஒரு துணுக்கை வெளியிட்டதற்காக 1988 இறுதியில் உள்ளூர் நாளேடு அவரைக் கண்டித்து எழுத, வாட்டர்லூ பல்கலைக்கழகம் தன் கணினிகளில் அந்தக் குழுவுக்குத் தடை விதித்தது. 1989 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் அவ்வாறே செய்தது. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான பேராசிரியர் ஜான் மெக்கார்த்தி, நூலகத்திலிருந்து ஒரு நூலை அகற்றுவதற்கு என்ன நியாயம் கேட்கப்படுமோ அதே நியாயம் இதற்கும் கேட்கப்பட வேண்டும் என்று வாதாடி ஆதரவு திரட்டியதன் பயனாக ஸ்டான்ஃபோர்டின் தடை பின்னர் நீங்கியது. அந்தத் துணுக்கு தரக்குறைவானது என்று கருதுவோரும், மெக்கார்த்தியின் வாதம் வலுவானது என்பதை மறுக்க இயலாது.

வலைக்கு வந்தால், ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி 1991-இல் வெளியுலகுக்குத் திறந்துவிட்ட அமைப்பு, சுட்டி என்ற ஒரே அடிப்படையின்மீது நின்றது. சுட்டி என்பது ஒரு சொல்லுக்குப் பின்னால் வேறொரு பக்கத்தின் முகவரியை வைத்து, சொல்லைத் தொட்டதும் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு. எங்கிருந்தும் சுட்டப்படாத பக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம். எம்.ஐ.டி. மாணவர் மேத்யூ கிரே எழுதிய நிரல் எண்ணிச் சொன்னபடி, 1993 ஜூனில் உலகில் இருந்த இணையதளங்கள் 130. அதே ஆண்டு டிசம்பரில் 623. 1994 டிசம்பரில் 10,022. முதல் எண்ணிக்கையை ஒருவர் சில நாள்களில் முழுமையாகப் பார்த்துவிட முடியும், மூன்றாவதைப் பார்க்க முடியாது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில்தான் தேர்ந்து காட்டுபவர் தேவைப்பட்டார்.

மொசைக் என்ற உலாவியை 1993-இல் வெளியிட்ட அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினி மையம், புதிதாகத் தோன்றும் தளங்களை அறிவிக்கும் பக்கம் ஒன்றை நடத்தியது. தொடக்கத்தில் வலைக்குள் வந்தவர்களில் பலர் காலையில் முதலில் திறந்தது அதைத்தான். எனினும் அது வந்தவற்றை வரிசைப்படுத்திய அறிவிப்புப் பலகையே தவிர, சுவை அறிந்து தேர்ந்த தொகுப்பு அன்று.

அக்காலத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டவை எத்தகையவை என்பதற்குக் கேம்பிரிட்ஜின் காபிப் பானையைவிடத் தெளிவான சான்று இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் ட்ரோஜன் அறை என்று வழங்கிய அறைக்கு வெளியே, ஆராய்ச்சியாளர் பலருக்கும் பொதுவான ஒரே காபி இயந்திரம் இருந்தது. வேறு தளங்களில் பணியாற்றியவர்கள் படியேறி வந்து பார்க்கும்போது பானை காலியாகக் கிடப்பது வழக்கமாகிவிட, குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் 1991-இல் ஒரு கேமராவைப் பானையின் எதிரே நிறுத்தி, அகலமும் உயரமும் 128 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஆய்வுக்கூடத்தின் உள் வலையமைப்பில் ஓடவிட்டார்கள். படம் நிமிடத்துக்கு மூன்று முறை அளவில் புதுப்பிக்கப்பட்டது. காபி வடிவது மெதுவான செயல் என்பதால் அதுவே போதுமானதாயிற்று. 1993 நவம்பரில் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அந்தப் படத்தை வலைக்கு இணைத்ததும், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்தவர்களும் அதைப் பார்க்கத் தொடங்கினர். கேம்பிரிட்ஜில் எவருக்கோ காபி மிச்சமிருக்கிறதா என்பதைக் கண்டங்கள் கடந்து பார்ப்பதிலும், பார்த்ததை நண்பருக்குச் சொல்வதிலும் மக்கள் பெருமகிழ்ச்சி கண்டார்கள். பயன் கருதாமல் பிறந்த இந்த மகிழ்ச்சி அற்பமானதன்று. தொலைவில் இருக்கும் ஓரிடத்தை அந்தக் கணத்திலேயே காண முடியும் என்ற உண்மையைப் பல விளக்கக் கட்டுரைகளைவிட ஒரு பானை விரைவாகக் கற்றுக்கொடுத்தது. கேமரா 2001 ஆகஸ்ட் 22 அன்று நிறுத்தப்பட்டது. கடைசியாகப் பயன்பட்ட க்ரூப்ஸ் இயந்திரத்தை ஈபே ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு ஜெர்மனியின் 'ஷ்பீகல்' இதழின் இணையப் பிரிவு வாங்கியது.

சுவை அறிந்து தேர்பவர்கள் 1994-இல் தோன்றினார்கள். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பக்கத்தில், தாம் அலைந்து கண்ட தளங்களைத் தம் கருத்தோடு சேர்த்து அடுக்கினார். ஆகஸ்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த கிளென் டேவிஸ், நாளொன்றுக்கு ஒரே தளத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டும் பக்கத்தைத் தொடங்கியபோது, அவருடைய தேர்வுக்குக் கிடைத்த செல்வாக்கு வியப்புக்குரியதாயிற்று: தேர்வான தளத்தைக் காண ஒரே நாளில் திரண்ட கூட்டத்தைத் தாங்காமல் அதன் வழங்கி, அதாவது பக்கங்களைச் சேமித்துக் கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினி, முடங்கிப்போவதும் உண்டு. இதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்கள் தேட்டங்களைத் தலைப்புவாரியாக அடுக்கிய பட்டியல் யாகூ என்ற நிறுவனமாக வளர்ந்தது. அது வணிக வரலாற்றைச் சேர்ந்ததாதலின் இங்கு விரிக்கப்படவில்லை.

இந்தக் கலைக்கு நிலையான வடிவம் கிடைத்தது 1997 டிசம்பர் 17 அன்று எனலாம். ஜேம்ஸ் ஜாய்ஸின் படைப்புகளிலும் செயற்கை நுண்ணறிவிலும் ஈடுபாடு கொண்டு, யூஸ்நெட்டில் பல்லாண்டு எழுதிவந்த ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தாம் அன்றாடம் வலையில் படித்தவற்றில் சிறந்தவற்றைப் பதிவு செய்யும் பக்கத்தை அன்று தொடங்கினார். தேதி, சுட்டி, அது எதைப் பற்றியது என்று உரைக்கும் ஓரிரு வரி, புதியது மேலேயும் பழையது கீழேயுமாக வரிசை என்ற அளவில் அது மிக எளிய ஏற்பாடு. அந்த எளிமைக்குள் கடும் உழைப்பு இருந்தது. ஒரு வரி எழுதுவதற்கு முன் நூறு பக்கங்களைப் புரட்ட வேண்டும். எழுதும் வரி வாசகரை ஏமாற்றாமலும், அதே நேரம் உள்ளே இருப்பதை முழுவதும் சொல்லித் தீர்த்துவிடாமலும் அமைய வேண்டும். இத்தகைய பக்கங்களை நடத்திய கேமரன் பாரெட், ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஆகியோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டு பட்டியலிட்டபோது, 1999 தொடக்கத்தில் அறியப்பட்ட பக்கங்கள் 23 மட்டுமே. இக்குழுவின் வரலாற்றை 2000 செப்டம்பரில் கட்டுரையாக எழுதிய ரெபெக்கா பிளட் இந்த எண்ணிக்கையைப் பதிவு செய்துள்ளார்.

இவர்களிடையே எழுதப்படாத ஓர் ஒழுக்கம் நிலவியது. ஒரு சுட்டியைத் தாமே தேடிக் காணாமல் இன்னொருவர் பக்கத்தில் பார்த்து எடுத்தால், அவர் பெயரையும் பக்கத்தையும் அருகில் குறித்துவிட வேண்டும். பண்டைய உரையாசிரியர்கள் பிறர் உரையை எடுத்தாளும்போது அதைச் சுட்டிச்செல்வதை ஒத்த இந்த நேர்மை, பார்ப்பதற்குச் சிறிய மரியாதையாகத் தோன்றினாலும், வாசகருக்குப் பெரிய பயனைத் தந்தது: பெயரைப் பின்பற்றிச் செல்பவர் தம் சுவைக்கு இசைந்த மற்றொரு தேர்வாளரைக் கண்டடைந்தார், அவரிடமிருந்து மூன்றாமவரை அடைந்தார். புஷ் சொன்ன தடம் மனிதர்களின் பெயர்களால் இணைந்து வளர்ந்தது இந்த இடத்தில்தான்.

1999 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பைரா நிறுவனம் வெளியிட்ட பிளாகர் என்ற இலவசக் கருவி, நிரலறிவு இல்லாதவர்களும் நாள்தோறும் எழுத வகைசெய்ததால் எழுதுவோர் தொகை பல்கிப் பெருகியது. ஆயினும் சுட்டியை நடுவில் வைத்த பழைய வடிவம் பின்தங்கி, தன் வாழ்வைப் பற்றி எழுதும் நாட்குறிப்பு வடிவம் முன்னேறியது என்பது ரெபெக்கா பிளட்டின் கணிப்பு. அக்கணிப்பு சரியானதே. பழைய வடிவம் தனியாளிடமிருந்து குழுவுக்கு இடம் மாறியது. அவ்வாண்டு ஜூலையில் மேத்யூ ஹாகி தொடங்கிய மெட்டாஃபில்டர் என்ற தளத்தில் உறுப்பினர் எவரும் சுட்டி இடலாம். ஆனால் தம் சொந்தத் தளத்துக்கோ தமக்கு வேண்டியவரின் தளத்துக்கோ சுட்டி இட்டால் உறுப்பினர் தகுதி பறிபோகும். 2004 இறுதியில், நெடுநாள் மூடியிருந்த உறுப்பினர் சேர்க்கையை மீண்டும் திறந்தபோது, ஒரே ஒரு முறை செலுத்த வேண்டிய 5 டாலர் கட்டணத்தை விதித்தார்கள். தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள வருபவருக்கு அந்தச் சிறு தொகையே தடையாக அமைந்தது; பகிர வருபவருக்கு அது பொருட்டாகவில்லை. கண்டெடுத்துக் காட்டுவதற்கும் தன்னைக் காட்டிக்கொள்வதற்கும் இடையே உள்ள கோட்டை இவ்வளவு கண்டிப்பாக வரைந்த வேறொரு தளத்தைக் காண்பது கடினம்.

நியூயார்க்கில் நிதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஜோஷுவா ஷாக்டர் 2003-இல் தொடங்கிய டெலிசியஸ், வேறொரு பாதையைத் திறந்தது. அதுவரை உலாவிக்குள் தனியுடைமையாகக் கிடந்த பக்கக்குறிகளை, அதாவது பின்னர் படிப்பதற்காகக் குறித்துவைக்கும் முகவரிகளை, அது பொதுவெளியில் வைத்தது. ஒவ்வொரு முகவரிக்கும் அதைச் சேமித்தவர் தம் விருப்பப்படி குறிச்சொற்களை இடுவார். ஒரே குறிச்சொல்லைப் பயன்படுத்திய பிறரின் சேமிப்புகளும் அவருக்குத் தெரியும். 2005 டிசம்பரில் யாகூ அதை வாங்கியது, பராமரிக்காமல் விட்டு 2011-இல் கைமாற்றியது. பல கைகள் மாறிய பின் 2017-இல் பின்போர்டு என்ற சிறு போட்டித் தளத்தின் உரிமையாளர் அதை வாங்கி, புதிய சேமிப்புகளுக்கு மூடினார்.

வாக்கெடுப்பு முறை இதே காலத்தில் வந்தது. 2004 டிசம்பரில் டிக், 2005 ஜூனில் ரெடிட் ஆகிய இரண்டும், வாசகர் இடும் வாக்குகளைக் கூட்டி எந்தச் சுட்டி முதற்பக்கத்தில் நிற்கும் என்று முடிவு செய்தன. இவற்றின் ஆற்றலுக்கு 2007 மே மாத நிகழ்ச்சி ஒன்று சான்று: திரைப்பட வட்டுகளின் பூட்டைத் திறக்கும் எண்வரிசையைக் கொண்ட பதிவுகளை டிக் நிர்வாகம் நீக்கத் தொடங்கியதும், வாசகர்கள் அதே எண்ணை மீண்டும் மீண்டும் இட்டு முதற்பக்கத்தை நிரப்ப, நிர்வாகம் அன்றே பணிந்தது. ஆனால் வாக்கின் இயல்பு வேறு வகையிலும் வேலை செய்தது. விரைவில் படித்து விரைவில் சிரிக்கக்கூடியதற்கு வாக்கு உடனே விழுகிறது; அரை மணி நேரம் படித்து ஒரு நாள் யோசிக்க வேண்டியதற்கு, படித்து முடித்தவர் வாக்களிக்கத் திரும்பும் முன்பே இடம் பறிபோய்விடுகிறது. வேடிக்கையும் சிந்தனையும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்த பழைய சமநிலை குலைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். தேர்ந்தவரின் பெயரும் மதிப்பிழந்தது. எண்ணிக்கை பெயரின் இடத்தைப் பிடித்தது.

தமிழில் இதன் போக்கு சற்று வேறுபட்டது. தொண்ணூறுகளின் தமிழ் இணையம் முதன்மையாக மின்னஞ்சல் குழுக்களில் இயங்கியது, தமிழ்.நெட் மடலாற்குழுவும், அதற்குப் பின் யாகூ குழுமங்களில் நடந்த மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்றவையும் படித்ததையும் ரசித்ததையும் பகிரும் இடங்களாக இருந்தன. ஒரே எழுத்தைப் பல குறியாக்கங்கள் பலவாறு குறித்ததால் ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்த காலம் அது. யூனிகோடு பரவிய பின் வலைப்பதிவுகள் பெருக, 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, அதாவது பல பதிவுகளின் புதிய இடுகைகளைத் தானாகவே சேகரித்து ஓரிடத்தில் காட்டும் தளம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர் நாடுகள் ஆகிய எல்லா இடத்துத் தமிழரையும் ஒரே முகப்பில் சந்திக்கச் செய்தது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராகத் தேர்ந்து முன்னிறுத்திய அதன் வழக்கம், வாக்கு எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் மனிதத் தேர்வுக்கும் இடம் வைத்த நல்ல ஏற்பாடாகும்.

திரட்டிகளுக்கு அடிப்படையாக இருந்தது செய்தியோடை. ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் கணினிகள் படிக்கும் வடிவில் வெளியிடும் கோப்பு அது. 2005 அக்டோபரில் வெளிவந்த கூகுள் ரீடர் இந்த ஓடைகளை வாசிக்கவும், வாசித்ததில் பிடித்ததை நண்பர்களோடு பகிரவும் உதவியது. அரசு பல தளங்களைத் தடுத்துவைத்திருந்த ஈரானில், ரீடர் வழியாகவே தடுக்கப்பட்ட பக்கங்களைப் படித்துப் பகிர்ந்துகொண்ட பெரியதொரு வாசகர் வட்டம் இருந்தது. 2011 அக்டோபரில் அந்தப் பகிர்வு வசதியைக் கூகுள் நீக்கியது. 2013 ஜூலை 1 அன்று ரீடரையே மூடியது. இதற்குள் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வளர்ந்திருந்தன. யார் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பயனரின் கடந்தகால நடத்தையைக் கொண்டு கணிக்கும் நிரல்கள் தேர்வாளரின் நாற்காலியில் அமர்ந்தன. யாரோ கண்டெடுத்த படம் கைமாறிக் கைமாறி வருகையில், முதலில் எடுத்தவர் பெயரும், எங்கே எடுத்தார் என்பதும் உதிர்ந்துவிட, வாசகரிடம் வந்து சேர்வது பெயரற்ற படம் மட்டுமே. பொய்ச்செய்தி பரவுவதைப் பற்றி இன்று பேசுபவர்கள், மூலத்தைக் குறிக்கும் அந்தப் பழைய ஒழுக்கம் கைவிடப்பட்டதை அதன் காரணங்களில் ஒன்றாகக் கணக்கில் எடுப்பது அவசியம்.

இழப்பு ஒழுக்கத்தோடு நிற்கவில்லை. சுட்டப்பட்ட பக்கங்களே அழிந்துகொண்டிருக்கின்றன. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் திறக்க முடியாதவையாகிவிட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. மில்லியன் கணக்கான தனிமனிதர்களின் பக்கங்களைக் கொண்டிருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது, தன்னார்வலர்கள் இரவு பகலாகப் படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. புரூஸ்டர் கேல் 1996-இல் நிறுவிய இணைய ஆவணகம் பழைய பக்கங்களைச் சேமித்து வருவதால், பார்கரின் முதல் ஆண்டுச் சுட்டிகளில் சிலவற்றையேனும் இன்று பின்தொடர முடிகிறது. தமிழ்க் குழுமங்களுக்கு அந்த அளவு பாதுகாப்பும் கிடைக்கவில்லை. யாகூ குழுமங்களில் இருந்த மடல்களையும் கோப்புகளையும் 2020 தொடக்கத்துக்குள் அழித்துவிட்ட நிறுவனம், அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சேவையையும் நிறுத்தியது.

ஆயினும் அம்மடல்கள் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியே மின்னஞ்சலாகச் சென்றவை. பழைய அஞ்சல் பெட்டிகளிலும் குறுவட்டுகளிலும் அவற்றின் படிகள் இன்னும் கிடக்க வாய்ப்பு உண்டு. மடலாற்குழுக்களிலும் யாகூ குழுமங்களிலும் உறுப்பினராக இருந்த வாசகர்கள் தம் சேமிப்பைத் தேடிப் பார்த்து, எழுதியவர்களின் இசைவைப் பெற்று, தேதியோடும் பெயரோடும் இணைய ஆவணகத்தில் ஏற்றி வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.